சாயிப்பின் பதினொரு பக்கம்

சுரேஷ்,

நீ அனுப்பிய பொட்டலம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. உன் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். மகன் ஏதோ பெண் பார்த்துப் போட்டோ அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துவிட்டார் போல, ஆசை ஆசையாகப் பிரித்தார். உள்ளே இருநூற்றுப் பத்துப் பக்க அச்சுப்படி. "இவனுக்கு எப்பத்தான் புத்தி வருமோ" என்று அதை என் மடியில் போட்டுவிட்டு முக்குக் கடைக்குச் சாயா குடிக்கப் போய்விட்டார். நான் மூன்றே நாளில் படித்து முடித்தேன். நீயும் தினமும் போன் செய்து, "வாசிச்சியாம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்கிறாய். நானும் கண்ணாடி சரியில்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு ஒரு கேடும் இல்லை. போனில் சொன்னால் நாலாவது வார்த்தையிலேயே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது என்றாய், அதற்குள் இதைக் கடைசி வரி வரை படித்துவிடு.

முதல் பக்கத்தில் சமர்ப்பணம் போட்டிருக்கிறாய். "சுக்குக் கிட்டங்கியில் குனிந்தே இருந்த என் அம்மாவுக்கு, நீண்ட வாக்கியங்களுக்கு நேரமில்லாத வாழ்க்கைக்கு." படித்ததும் கண் கலங்கும் என்று எதிர்பார்த்திருப்பாய். கலங்கவில்லை, காது இரண்டும் சூடாகிப்போனது. உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அச்சுல பேரு வருதுல்ல, பேசாம இரு" என்றார். நான் பேசாமல் இருக்கப்போவதில்லை. என் பெயரை எடுத்துவிடு. இந்தப் புத்தகம் இப்போது இருக்கிற லட்சணத்தில் வெளியே வந்தால் அதில் என் பெயர் இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் காகிதம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் முன்னுரைக்கு வருகிறேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஆங்கில எழுத்தாளர் வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவராம், அதனால் வளவளவென்று இழுத்தாராம், அந்தக் கொழுப்பையெல்லாம் நீக்கி எளிய வாசகர்களுக்காக, உன் அம்மாவைப் போன்ற உழைக்கும் பெண்களுக்காக, மூன்று பாகத்தை ஒரு பாகமாகச் சுருக்கித் தமிழில் தருகிறாயாம். சுரேஷ், எங்களுக்கும் கூடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதனால் நாங்கள் தரம் பிரித்த சுக்கு மட்டமாகிவிட்டதா? எண்ணிக் கூலி வாங்குகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள், மாசச் சம்பளக்காரர்கள் மட்டும் யோக்கியர்கள் என்று உனக்கு எந்த ஆபீசில் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர் வளவளா இல்லை என்று நான் சொல்லவில்லை. வளவளாதான். ஒரு மனிதர் மழையிலிருந்து வந்து குடையை மடக்க அவருக்கு இரண்டு பக்கம் வேண்டும். ஆனால் அதைச் சொல்ல உனக்கு உன் வாய் இருக்கிறது. எங்கள் வாயை ஏன் இரவல் வாங்குகிறாய்?

நான் கிட்டங்கியில் அந்த நாவலை வாசித்ததையும் பெண்கள் கேட்டதையும் உனக்குப் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் உனக்கு இந்த வேலையில் ஆசை வந்தது என்று முன்னுரையிலும் எழுதியிருக்கிறாய். ஆனால் நான் உனக்குச் சொன்னது பாதிக் கதை. தொண்ணூறுகளின் நடுவில், நீ மூன்றாம் வகுப்பு படித்த சமயம். அப்பா கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குக் கூலி வேலைக்குப் போனேன். நாற்பது பெண்கள் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சுக்கைத் தேய்த்து, தூசி தட்டி, பெரிசு சிறிசு பிரித்துக் கூடையில் போடுவோம். எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர். அதில் மலையாளம் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒருத்தி வாசித்தால் அவள் கை வேலை செய்யாது இல்லையா, அதனால் மற்ற எட்டுப் பேரும் தங்கள் பங்கில் ஒவ்வொரு கைப்பிடியாக வாசிப்பவளின் கூடையில் போடுவார்கள். சாயங்காலம் மேஸ்திரி வந்து பார்க்கும்போது என் கூடையும் மற்றவர்கள் கூடை அளவுக்கு நிறைந்திருக்க வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லாரும் அதன்படி நடந்தோம்.

சுள்ளிக்கல் வாயனசாலையில் அப்பா பெயரில் ஒரு கார்டு இருந்தது. நம் ஆட்களுக்கு வாசகசாலை, இங்கே வாயனசாலை. அங்கிருந்து சின்னச் சின்ன நாவல்களாக எடுத்து வாசித்துத் தீர்த்தபின், தடித்தடியாக மூன்று பாகம் அலமாரியில் இருப்பதைப் பார்த்து எடுத்து வந்தேன், மலையாள மொழிபெயர்ப்பு. எழுதியவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. வெள்ளைக்காரரை இங்கே சாயிப்பு என்பதால் அவரும் எங்களுக்குச் சாயிப்பு ஆனார். இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன், நீ முகம் சுளிக்காதே.

சாயிப்பைப் பற்றி ஒன்பது பேருக்கு ஒன்பது அபிப்பிராயம். நம் தெருப் பேச்சியக்காவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "ஏ புள்ள, நான் வெளிய போயி முகம் கழுவிட்டு வந்துட்டேன், அந்தாளு இன்னும் குடைய மடக்கிட்டு வாசப்படியிலயே நிக்கானா? உள்ள வரச் சொல்லு, சளி பிடிக்கும்" என்பாள். ரோஸிச் சேச்சிக்கு அழுகிற கட்டங்கள் மட்டும் போதும். "கரச்சில் வரும்போ விளிச்சா மதி", அழுகை வரும்போது கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு அதுவரை உதட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள். அழுகை வந்துவிட்டால் இரண்டு கைப்பிடி சேர்த்துப் போடுவாள். ஸைனபாத்தா மட்டும் வேறு மாதிரி, எங்கள் எல்லாருக்கும் அவர் இத்தா, மூத்த அக்கா. ஐம்பது வயசு, எழுத்து தெரியாது, புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். சாயிப்பு சுவரில் தொங்குகிற படத்தை விவரித்தாலும் கேட்பார், அலமாரியில் இருக்கிற ஊறுகாய்ப் பாட்டிலை எண்ணினாலும் கேட்பார். "எண்ணட்டே மோளே, அவனு எந்தா திரக்கு?" என்பார். அவனுக்கு என்ன அவசரம், எண்ணட்டுமே என்று அர்த்தம். அவர் பேசியது மலையாளம்தான். உனக்கு எழுதும்போது பாதி தமிழாகி வருகிறது.

உன் முன்னுரையில் இரண்டு பக்கத்துக்கு விமர்சகர்கள் சொன்னதை எடுத்து எழுதியிருக்கிறாய், ஒருவர் மேதை என்றார், ஒருவர் அழுகுணி என்றார் என்று. அந்த விமர்சகர்கள் சொன்னதில் எங்கள் வட்டத்தில் யாரும் சொல்லாதது ஒன்றுகூட இல்லை. ஒரே வித்தியாசம், அவர்கள் பிடிக்காவிட்டால் கட்டுரை எழுதினார்கள். எங்கள் ஆட்கள் பிடிக்காவிட்டால் கைப்பிடி போட மாட்டார்கள். குடை மடக்கிய அன்று சாயங்காலம் என் கூடை பாதிதான் நிறைந்திருந்தது. மேஸ்திரி எல்லார் முன்னாலும், "கத வாயிக்கான் வந்ததோ, பணி செய்யான் வந்ததோ?" என்று கேட்டான். ஒரு வாரம் இப்படிப் போனால் என்னை நிறுத்திவிடுவான் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் நான் அதைச் செய்தேன்.

வீட்டில் சோறு வேகிற நேரத்தில் மறுநாள் வாசிக்க வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே புரட்டி, இழுவையாகத் தோன்றிய பக்கங்களின் மூலையை மடக்கி வைத்தேன். மடக்கியதைத் தாண்டி வாசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கதை குதிரை மாதிரி ஓடியது. பேச்சியக்கா, "இப்பத்தான்டீ சாயிப்புக்கு எழுத வந்திருக்கு" என்றாள். கூடை நிறைந்தது. நான் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் பாகத்தில் துணி வெளுக்கிற ஒரு கிழவி வருவாள், உனக்குத் தெரியும். கதாநாயகன் அழுக்குத் துணி மூட்டையோடு அவள் வீட்டுக்குப் போவான். அவள் பதினொரு பக்கம் பேசுவாள். மூட்டுவலி, மருமகள், சோப்பு நுரை, இறந்துபோன பிள்ளை, பக்கத்து வீட்டுக் கோழி என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் பேசுவாள். கதை ஒரு அடி நகராது. பதினொரு பக்கத்தையும் மொத்தமாக மடக்கினேன். எங்களை மாதிரியே உட்கார்ந்து வேலை செய்துகொண்டு வாய் ஓயாமல் பேசுகிற ஒரே பொம்பளை அந்த மூன்று பாகத்திலும் அவள் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மடக்கியதைத் தாண்டி வாசித்துக்கொண்டு போனேன். ஸைனபாத்தா சுக்கைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "நில்லு மோளே. இவன் வீட்டுலேர்ந்து இறங்கும்போ கையில துணி மூட்டை இருந்ததல்லே? இப்ப கை வீசி நடக்கிறான். மூட்டை எவிடே?" என்றார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுத்து தெரியாத பொம்பளை, மூன்று நாளைக்கு முன் வாசித்த ஒரு மூட்டையை மனசில் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறார்.  உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாயிப்பு மறந்துட்டார் இத்தா" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இத்தா மட்டும் சிரிக்கவில்லை. "அவன் மறக்கிற கூட்டமல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். போகும்போது வழக்கம்போல் ஒரு கைப்பிடி என் கூடையில் போட்டுவிட்டுத்தான் போனார்.

பிறகு நடந்ததைக் கேள். மூன்றாம் பாகத்தின் கடைசியில் கதாநாயகன் எல்லாரும் கைவிட்டு நிற்கும்போது அந்தக் கிழவி வந்து கதவைத் தட்டுவாள். தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சடைக்கும். எங்கள் வட்டத்தில், "இவ ஆருடீ புதுசா?" என்று பேச்சியக்கா கேட்டாள். ரோஸிச் சேச்சிக்கு அழுகை வரவில்லை, அவளுக்கு அது பெரிய ஏமாற்றம். கடைசியில் யாரோ ஒருத்தியைக் கொண்டுவந்து கதையை முடித்துவிட்டார், சாயிப்புக்குக் கதை கட்டத் தெரியவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு கிட்டங்கியில் யாராவது சோற்றுத் தூக்கை மறந்து வைத்துவிட்டு வந்தால், "சாயிப்பு மாதிரி மறதி" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி வருஷக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு தடவையும் நானும் சேர்ந்து சிரித்தேன். செய்த தப்பு என்னுடையது, கெட்ட பெயர் செத்துப்போன ஒரு மனிதருக்கு.

ஸைனபாத்தாவுக்கு நெஞ்சில் தூசி ஏறி இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. மகள் வந்து ஆலுவாவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். போகிற அன்று என்னிடம், "ஆ மூட்டையுடெ காரியம் எனக்கு இப்பவும் சம்சயமாக்கும்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கிட்டங்கியை மூடினார்கள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஆலுவாவுக்கு நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் போகவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

இப்போது உன் அச்சுப்படிக்கு வருகிறேன். தொண்ணூற்று ஏழாம் பக்கத்தை எடு. "துணி வெளுக்கும் கிழவியிடம் மூட்டையைக் கொடுத்து, அவளுடைய தொணதொணப்பிலிருந்து ஒருவழியாகத் தப்பித்து அவன் வெளியே வந்தான்." பதினொரு பக்கத்துக்கு ஒரு வரி. என்னைவிட நீ யோக்கியன், மூட்டையையாவது கொடுத்துவிட்டாய். ஆனால் அவள் பேச்சைத் தொணதொணப்பு என்று சாயிப்பு எங்கேயும் சொல்லவில்லை. அது நீ போட்ட வார்த்தை. அவர் அவளைப் பேசவிட்டார். கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையென்று தெரிந்தும், ஒரு கூலிக்காரப் பொம்பளை தன் கோழியைப் பற்றிப் பேச பதினொரு பக்கம் ஒதுக்கினார். இந்த உலகத்தில் எங்களுக்கு யார் அத்தனை பக்கம் கொடுத்தார்கள்? மேஸ்திரியா? வாயனசாலைக் கூட்டத்தில் சாயிப்பு ஏழைகளின் தோழனா, முதலாளிகளின் ஆளா என்று மைக் பிடித்துச் சண்டை போட்டவர்களா? அவர்கள் கூட்டத்துக்கு ஒருநாள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "சேச்சிக்கு எந்தெங்கிலும் பறயாநுண்டோ?", உனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உன்மேல் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன தகுதி? முதல் கத்தரிக்கோல் என்னுடையது. உன் பொட்டலத்தைப் படித்து முடித்த மறுநாள் வாயனசாலைக்குப் போனேன். மூன்று பாகமும் அதே அலமாரியில், முதுகு பிய்ந்து கிடந்தன. இரண்டாம் பாகத்தில் நான் மடக்கிய மூலைகள் மடங்கியபடியே இருந்தன. அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்பும்படியில் ஆலுவா பஸ் ஏறினேன். வல்லார்பாடம் துறைமுக வேலைக்கு மண்ணடிக்கிற லாரிகள், வைட்டிலாவில் முக்கால் மணி நேரம் பிளாக். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். அப்பாவின் சமையலுக்குக் கறிவேப்பிலைகூட வாங்கி வைக்காமல் கிளம்பியிருந்தேன், அதைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் இறங்கவில்லை.

இத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்து போயிருக்கிறார், ஆனால் பார்த்தவுடன் என் பெயரைச் சொன்னார். நான் சாயா வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "இத்தா, சாயிப்பு மறக்கலை. மூட்டையை நான்தான் விழுங்கினேன்" என்று சொல்லிப் புத்தகத்தைப் பிரித்தேன். அவர் தலையில் போட்டிருந்த தட்டத்துணியைக் காதிலிருந்து சற்று ஒதுக்கிக்கொண்டார். பதினொரு பக்கத்தையும் வாசித்தேன், ஒரு கமாவைக்கூட விடவில்லை. நடுவில் இருமல் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, இருமி முடித்தபின் விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். கோழி வந்த இடத்தில் ஒரு தடவை சிரித்தார். இறந்த பிள்ளை வந்த இடத்தில் சுவரைப் பார்த்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு இத்தா அழுவார், என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போர் மோளே" என்றார். "கொறச்சு ஜாஸ்தியாத்தான் பேசுறா." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்ப நான் விட்டது சரிதானா இத்தா?" என்று கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம்! கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரியோ? போர்னு நானல்லே சொல்லணும்? நீயா சொல்றது? நான் எந்நாளும் உன் கூடையில கைப்பிடி இட்டது முழுக் கதைக்கு. பாதிக் கதைக்கல்ல." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு அவரே, "மூணாம் பாகம் கொண்டு வந்தியா?" என்று கேட்டார். கொண்டு போகவில்லை. அடுத்த ஞாயிறு போகிறேன். இப்போது கதவைத் தட்டுகிற கிழவி யார் என்று அவருக்குத் தெரியும்.

உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை, சுரேஷ். சென்னையில் பெரிய பெரிய ஆட்களோடு பழகுகிறாய், எந்தப் புத்தகம் விற்கும், எது விற்காது என்று உனக்குத் தெரியும். சுருக்கு, தப்பில்லை. பேச்சியக்கா இருந்திருந்தால் உன் புத்தகத்தை மெச்சியிருப்பாள், அதையும் மனசாரச் சொல்கிறேன். ஆனால் "எளிய வாசகர்களுக்காக" என்ற வரியை அடித்துவிடு. "உழைக்கும் பெண்களுக்காக" என்பதையும் அடித்துவிடு. அந்த இடத்தில், "எனக்குப் பொறுமை இல்லை, அதனால் வெட்டினேன்" என்று எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போடு. அப்படி எழுத உனக்குத் தைரியம் இருந்தால் சமர்ப்பணத்தில் என் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், நானும் அதே தப்பைச் செய்தவள்தானே. அந்தத் தைரியம் இல்லாவிட்டால் பதினொரு பக்கத்தையும் திரும்ப வை. இரண்டும் முடியாது என்றால் என் பெயரை எடுத்துவிடு. எங்களுக்கு நேரமில்லை, எங்களுக்குப் புரியாது, எங்களுக்கு நீளமானது ஆகாது என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே. மூன்று பாகத்துக்கும் உட்கார்ந்து, அதற்குக் கை நிறையக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அம்மா